காத்தவராயன் பாட்டுக்குப் போட்ட பூட்டு

காத்தவராயன் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். தன் அனுமதி இல்லாமல், தன் பாட்டைக் கேட்டு, இந்தத் தெருவில் இனி எந்தக் குழந்தையும் தூங்கக் கூடாது.

பெரிய முடிவு. வாய் நிறையப் பல்பொடி இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. துப்பிவிட்டு வந்து அறிவித்தான்.

"ராஜாம்பா, இனிமே அந்தத் தாலாட்ட ஒருத்தியும் பாடக் கூடாது."

ராஜாம்பாள் தூளியை ஆட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "எந்தத் தாலாட்டு?"

"நான் கட்டின தாலாட்டு."

"அதத்தானே நான் பாடிக்கினு இருக்கேன்."

"நீ பாடலாம். நீ என் பொண்டாட்டி. கொளஞ்சி யாரு?"

"பக்கத்து வூடு."

"பக்கத்து வூட்டுக்காரி என் பாட்ட எடுத்துப் பாடலாமா?"

"போன வாரம் அவ அம்மிய எடுத்து நான் மசாலா அரைச்சேன். அவ ஒண்ணும் சொல்லலியே."

"அம்மி வேற, பாட்டு வேற."

"ஆமாமா. அம்மி தேயும். பாட்டு தேயாது."

இப்படி அவள் பேசினால் காத்தவராயனுக்குக் கோபம்தான் வரும். கோபித்துக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டான்.

அவன் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. மில்லில் தறி ஓட்டுகிறவன் என்றாலும் அவனுக்குள் ஒரு கவிஞன் உட்கார்ந்திருந்தான். போனஸ் கேட்டு மில் வாசலில் கூட்டம் நடந்தபோது அவன்தான் பாட்டுக் கட்டினான். தறிச் சத்தத்தில் பக்கத்துத் தறி இராமதாசுக்குக் கேட்கட்டும் என்று உரக்கப் பாடிக் காட்டினான். இராமதாசுக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது. கூட்டத்தில் மேடையேறித் தன் பாட்டு மாதிரி பாடிவிட்டான். மாலை இராமதாசுக்கு. கோலி சோடா இராமதாசுக்கு. கூட்டத்தோடு கூட்டமாக நின்று கைதட்டினவன் காத்தவராயன்.

அந்தப் புண் ஆறுவதற்குள் மகள் ஆதிலட்சுமி பிறந்தாள். பிறந்தவள் தூங்கவே இல்லை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், இரண்டு பேர் தூக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, தானும் தூங்காமல் கிடக்கிற குழந்தை எப்படி இருக்கும் என்று. கடைசியில் காத்தவராயன் ஒரு தாலாட்டுக் கட்டினான்.

"தறியெல்லாம் நின்னுபோச்சு, தங்கமே தூங்கு,
சங்கு ஊதி ஓய்ஞ்சிபோச்சு, தாமரையே தூங்கு,
கடலலையும் களைச்சிப்போச்சு, கண்மணியே தூங்கு..."

ராஜாம்பாள் பாடினாள். குழந்தை பொத்தென்று தூங்கிவிட்டது. அந்த அதிசயத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொளஞ்சி காது கொடுத்துக் கேட்டாள். அவள் பிள்ளையும் தூங்கியது. குழாயடியில் விஷயம் பரவி, தெருவே பாடத் தொடங்கிவிட்டது. மீன் விற்க வரும் கன்னியம்மாள்கூடக் கூடையை இறக்கி வைத்துக் கற்றுக்கொண்டு தன் ஊரான பிள்ளைச்சாவடிக்குப் போனாள்.

யாரும் காத்தவராயன் பேரைச் சொல்லவில்லை. "கொளஞ்சி பாட்டு" என்றார்கள்.

கொளஞ்சி பாட்டாம்! இன்னொரு இராமதாஸ்!

அந்தத் தெருக்கோடியில் நாராயணசாமி இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். சிப்பாய் என்ற அர்த்தத்தில் ஊரில் எல்லாரும் 'சொல்தா' என்பார்கள், நேரில் மரியாதையாக 'முசே'. பாரிசில் இருக்கும் மகள் அவருக்கு ஒரு டேப்ரிக்கார்டர் அனுப்பியிருந்தாள். காத்தவராயன் மனைவியையும் குழந்தையையும் அங்கே அழைத்துக்கொண்டு போனான். ராஜாம்பாள் பாடினாள். அதற்கு முன்னால் காத்தவராயன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிவித்தான்: "இந்தப் பாட்டு காத்தவராயன் கட்டினது. அனுமதி இல்லாம பாடறவங்க மேல நடவடிக்கை எடுக்கப்படும்." அந்தக் குரலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது. அதுவும் காசெட்டில் பதிந்தது.

நாராயணசாமி காசெட்டைத் திருப்பிக் காட்டினார். "முதுகுல ரெண்டு சின்ன பிளாஸ்டிக் காது இருக்குது பாரு. இத உடைச்சிட்டா அப்பறம் இந்தக் காசெட்டுல எவனும் கை வெக்க முடியாது."

"உடைங்க முசே!"

திருப்புளியால் டக், டக். அவ்வளவுதான், தன் பாட்டு பத்திரமாகிவிட்டது என்று காத்தவராயன் மார்பு விரிய நடந்து வந்தான்.

"பூட்டியாச்சு ராஜாம்பா. இனிமே எவளும் காப்பி அடிக்க முடியாது."

"காசெட்டுக்குக் காத உடைச்சிட்டீங்க. கொளஞ்சிக்கு எத உடைக்கப் போறீங்க?"

காத்தவராயன் யோசித்தான். இதை அவன் முன்பே யோசித்திருக்கவில்லை.

"நீ போய்ச் சொல்லு. அவங்ககிட்ட நான் அனுமதி இல்லன்னு சொன்னேன்னு சொல்லு."

ராஜாம்பாள் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். அப்போதே அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அப்படித் தலையாட்டினதே இல்லை.

குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். திரும்பி வந்து, "சொல்லிட்டேங்க. ஒருத்தரும் பாட மாட்டாங்க" என்றாள்.

அன்றிலிருந்து காத்தவராயனுக்கு இராத்திரி ஷிப்ட். மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தான். பழைய சோற்றைக் குடித்துவிட்டுப் பாயை விரித்துப் படுத்தான். கண்ணை மூடினான்.

இடது பக்கச் சுவரிலிருந்து கொளஞ்சியின் பிள்ளை வீல் என்றது. வலது பக்கச் சுவரிலிருந்து சின்னப்பொண்ணுவின் பிள்ளை அதற்குப் பதில் சொன்னது. எதிர் வீட்டுப் பிள்ளை இரண்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லப் புகுந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஆதிலட்சுமி, நாம் மட்டும் சும்மா இருப்பதா என்று எழுந்து சேர்ந்துகொண்டாள். அந்தத் தெருவில் அத்தனை பிள்ளைகள் இருப்பதே காத்தவராயனுக்கு அன்றுதான் தெரிந்தது.

எழுந்து போய்க் கொளஞ்சி வீட்டு வாசலில் நின்றான்.

"இன்னா கொளஞ்சி, புள்ளையத் தூங்க வெக்கறதில்லியா?"

"வெக்கலாம்ணே. பாட்டுக்கு அனுமதி இல்லியாமே?"

"வேற பாட்டுப் பாடேன்!"

"பாடிப் பாத்துட்டேன். ஒண்ணுத்துக்கும் மசிய மாட்டேங்குது. நீங்க கட்டினது அப்பிடி! இன்னா வார்த்த, இன்னா வார்த்த!"

புகழ்ந்தவளைத் திட்ட முடியுமா? காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்து படுத்தான். மில் பஞ்சுதான். அதுவும் அந்தச் சத்தத்துக்கு நிற்கவில்லை.

அன்றைக்கு ஷிப்டில் தறிக்கு முன்னால் நின்றபடியே கண் சொக்கியது. நூல் அறுந்துகொண்டு போனது அவனுக்குத் தெரியவில்லை, மேஸ்திரிக்குத் தெரிந்தது. "இன்னொரு தரம் தூங்கி வழிஞ்சேன்னா வேற ஆளப் போட்டுடுவேன்" என்றார். வேறு ஆள் என்று அவர் கை காட்டின திசையில் இராமதாசின் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் பகலும் தெரு அழுதது. காத்தவராயன் பாயில் எழுந்து உட்கார்ந்தான். கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

"ராஜாம்பா, அவங்களப் பாடச் சொல்லித் தொலை!"

"அப்பிடி எப்பிடிங்க சொல்றது? உங்க சொத்தாச்சே. நாளைக்கு எவளாச்சும் தன் பாட்டுன்னா?"

"இன்னா சொல்ற?"

"ஏதாச்சும் கட்டுப்பாடு வெச்சித்தான் குடுக்கணும்."

இது காத்தவராயனுக்குப் பிடித்திருந்தது. அந்தத் தூக்கக் கலக்கத்திலும் கவிஞன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆமா! யாரு வேணா பாடட்டும். ஆனா பாட்டுக்குள்ள என் பேரு வரணும். பேர எடுத்துட்டு எவளும் பாடக் கூடாது. என் பேரு ஊரெல்லாம் பரவணும்."

"நல்ல யோசனைங்க. நீங்களே யோசிச்சீங்களா?"

"பின்ன? நீயே போய் பேரு எங்க வரணும்னு சொல்லிக் குடு."

ராஜாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயே! உங்க பேர என் வாயால எப்பிடிங்க சொல்லுவேன்? புருஷன் பேரச் சொன்னா நல்லதாங்க? கொளஞ்சியப் போட்டுக்கச் சொல்றேன். எங்க போடணும்?"

சுவர் இரண்டு பக்கமும் வீல் வீல் என்றது.

"எங்கனா போட்டுக்கட்டும்! பேரு இருந்தா போதும்!"

ராஜாம்பாள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு வீடு பாட்டு எழுந்தது. தறியெல்லாம் நின்றது. சங்கு ஓய்ந்தது. கடலலை களைத்துப்போவதற்குள் காத்தவராயன் குறட்டை விடத் தொடங்கிவிட்டான். தினமும் அப்படித்தான். மூன்றாவது அடிக்கு மேல் அவன் விழித்திருந்ததே இல்லை. அவன் பாட்டு அவ்வளவு நல்ல பாட்டு.

கொஞ்ச நாள் கழித்துத் தவளக்குப்பத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. ராஜாம்பாளுக்கு முன்னால் காத்தவராயன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். பந்தலுக்குள் நுழையும்போதே ஒரு பெண் தன் பிள்ளைக்கு அந்தத் தாலாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். தவளக்குப்பம் வரைக்கும் வந்துவிட்டது! காத்தவராயனுக்குப் புல்லரித்தது. எட்டுக் கட்டையில் சொன்னான்:

"நான்தாம்மா காத்தவராயன்."

பந்தலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் அப்படியே நின்றன. ஒன்று தாய் முந்தானைக்குள் புகுந்தது. ஒன்று பாயில் பொத்தென்று விழுந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. மற்றதுகளும் வரிசையாகப் படுத்துக் கண்ணை மூடின. காது குத்திக்கொண்டிருந்த குழந்தை மட்டும் படுக்க வழியில்லாமல் அலறியது.

"நெசமாவே ஒரு ஆளு இருக்கறீங்களா?" என்றாள் அந்தப் பெண். "ரொம்ப உபகாரங்க. உங்க பேரச் சொன்னாத்தான் புள்ளைங்களுக்குச் சோறே எறங்குது."

"பாட்டோட கடைசி அடி இன்னாம்மா?" என்றான் காத்தவராயன், பதறிப்போய்.

அவள் பாடிக் காட்டினாள்.

"கதவாண்ட நிக்கறான் காத்தவராயன், கண்ண மூடித் தூங்கு.
மூடாத கண்ணத்தான் மூட்டகட்டித் தூக்குவான், முத்தே தூங்கு!"

விருந்து சாப்பிடாமல் பஸ் ஏறின காத்தவராயன் தன் காசெட்டைத் தேடி நேராக நாராயணசாமி வீட்டில் போய் இறங்கினான். அங்கே இன்னொரு புதுக் காசெட்டில் தெருப் பெண்கள் எல்லாரும் கூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். மூட்டை கட்டுகிற அடியை இரண்டு தரம் பாடினார்கள்.

"முசே, இத அழிங்க!"

"அழிக்க முடியாதே. பதிஞ்ச கையோட காத உடைச்சிட்டேன். உன் பொஞ்சாதிதான் உடைக்கச் சொல்லிச்சு, உனக்கு அப்பிடித்தான் பிடிக்கும்னு."

"அப்ப காப்பியும் எடுக்க முடியாதில்ல?"

"அது அழியாம இருக்கறதுக்குத்தாம்பா. காப்பி எத்தன வேணா எடுக்கலாம். பாரிசுக்கு ஒண்ணு அனுப்பிட்டேன். பேரப்பிள்ளைங்க ஒம்போது மணிக்கெல்லாம் படுத்துடுதுங்களாம்."

காத்தவராயன் வீட்டுக்கு வந்தான். ராஜாம்பாள் அடுத்த பஸ்ஸில் வந்து, வடையும் பாயசமும் கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க? என்னப் பூச்சாண்டி ஆக்கிட்டியே!"

"நானா? உங்க பேர நான் வாயத் திறந்து சொன்னதே இல்லியே. பேரு இருந்தா போதும், எங்கனா போட்டுக்கன்னு சொன்னது நீங்கதானே? இப்ப எவளாச்சும் அந்தப் பேர எடுத்துட்டுப் பாடிடுவாளா? பாடினா புள்ள தூங்குமா?"

காத்தவராயன் எவ்வளவு யோசித்தும் அவன் கேட்டதில் ஒன்றுகூடக் குறையவில்லை. வடையை எடுத்துக் கடித்தான்.

தூளிக்குள்ளே ஆதிலட்சுமி கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு காலை உதைத்தாள். ராஜாம்பாள் மூன்று அடியும் பாடிப் பார்த்தாள். அதற்கு மேல் பாட முடியாமல் நிறுத்திக்கொண்டு, கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க, கொளஞ்சி கடைக்குப் போயிருக்கா. கொஞ்சம் கதவாண்ட வந்து, உங்க பேர நீங்களே சொல்லிட்டுப் போங்க."