பம்பையாற்றுத் தண்ணீர்த் திருடர்கள்

சந்தேகப்படுவதற்குப் பெரிய மூளை எதுவும் தேவையில்லை. என்னிடம் இருந்ததே தாராளமாகப் போதும்.

எண்பதுகளில் ஒரு வறட்சிக் கோடை. திண்டிவனத்துப் பையனான எனக்கு விழுப்புரத்து ஆபீஸ் ஒன்றில் தற்காலிக வேலை கிடைத்தது. கண்டமங்கலம் பக்கம் பம்பையாற்றில் நட்டிருந்த அளவுப் பலகையைப் பார்த்து, காலை, மதியம், மாலை நீர்மட்டத்தைக் குறித்து அனுப்ப வேண்டும். ஆறு என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். ஓட்டம் நின்று, பலகையைச் சுற்றி ஒரு பந்தல் அளவுக்குக் குட்டை மட்டும் மிச்சமிருந்தது. மதிய வெயிலுக்கு எருமைகள் அதில் முழுகிக் கிடக்கும். அந்த ஊரில் நான் சந்தேகப்படாத ஜீவன்கள் அவை மட்டும்தான்.

மதியம் இருந்த மட்டம் தினமும் மாலையில் மூன்று விரல் இறங்கிவிடும். யாரோ இறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். (மறுநாள் மதியம் அது எப்படித் திரும்ப ஏறியது என்று கேட்பீர்கள். ஊற்று சுரக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.)

கரையோரம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்த ராஜாங்கத்திடம் ஒரு டீசல் எஞ்சின் இருந்தது. போதாதா? போய்த் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. (அந்த வெயிலில் என் தலையும்தான் சுட்டது.)

"வாங்க சார், மோர் குடிக்கிறீங்களா?" என்றார். லஞ்சம் கொடுக்கப் பார்க்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

"கெணத்துத் தண்ணிதான் சார் எறைச்சிக்கினு இருக்கேன். ஆத்துல கை வெக்கல."

"அத ஆபீசர்கிட்ட சொல்லிக்குங்க" என்றேன். திருடனைப் பிடித்தால் வேலை நிரந்தரமாகிவிடும் என்று எனக்கு ஒரு கனவு.

எழுதிப் போட்டேன். ஒரு நாள் மதியத்துக்கு மேல் எஞ்சினியரே ஜீப்பில் வந்து இறங்கினார். குட்டைக் கரையில் நின்று நான் துப்புத் துலக்கிய கதையைச் சொல்லச் சொல்ல, ராஜாங்கம் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"எஞ்சினுக்கு சீல் வெச்சிட்டீங்கன்னா காய் புடிக்கிற நேரத்துல மொத்தமும் கருகிப்பூடும் சார். எங்க வருஷத்துச் சோறே அதான்."

அவர் குரல் உடைந்தது. எனக்கு அது நடிப்பாகத் தெரிந்தது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சீல் சாமானை எடுத்துவரச் சொல்லி எஞ்சினியர் டிரைவருக்குச் சைகை காட்டினார். அந்த நேரம் ராஜாங்கத்தின் மனைவி பால் கறக்க நேரமாகிவிட்டதென்று குச்சியோடு வந்து, "எழுந்து வாங்கடி" என்று குட்டையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

எருமைகள் ஒவ்வொன்றாக எழுந்து கரையேறின. ஒவ்வொன்று ஏறும்போதும் பலகையில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. கடைசி எருமை வாலை உதறியபோது சரியாக மூன்று விரல்.

எஞ்சினியர் பலகையைப் பார்த்தார். எருமைகளைப் பார்த்தார். பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, உன் திருடனுங்க வீட்டுக்குப் போறானுங்க. வேணும்னா பின்னாலயே போய்ப் புடிச்சிக்கோ."

ராஜாங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பவாவது மோர் குடிங்க சார்" என்றார். குடித்தேன். (திருடர்களின் மோர்தான்.)

வேலை நிரந்தரமாகவில்லை. ராஜாங்கத்தோடு பழக்கம் மட்டும் நிரந்தரமானது. திண்டிவனத்தில் நடந்த என் கல்யாணத்துக்கு வந்தவர், மேடையேறி மணப்பெண்ணிடம் முழுக்கதையையும் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

அதோடு வீட்டில் என் துப்பறியும் தொழில் படுத்துவிட்டது. நேற்றுகூட, சர்க்கரை டப்பாவில் மட்டம் இறங்கியிருக்கிறதே என்று இழுத்தேன்.

"எருமை எழுந்து போயிடுச்சான்னு பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"இல்லம்மா, இங்கதான் காப்பி குடிச்சிக்கினு ஒக்காந்திருக்கு" என்று கூடத்திலிருந்து என்னைப் பார்த்தபடியே பதில் சொன்னாள் மகள்.