பச்சை மாறாத பலகை

வண்டி செய்வது ஒன்றும் பெரிய காரியமல்ல. இரும்பும் ஆளும் இருந்தால் யாரும் செய்துவிடலாம். வண்டியில் சேராத பொருள்களைக் கட்டிக் காப்பதுதான் மனித குலத்தின் உச்ச சாதனை. கையுறை, கிரீஸ், துடைக்கும் துணி, பல்பு, மிஷின் பெல்ட் என்று எந்த வண்டியிலும் ஏறாமல், ஆனால் தாம் இல்லாமல் எந்த வண்டியையும் வெளியே விடாமல் இருக்கும் இவற்றுக்கு 'மறைமுகப் பொருள்கள்' என்று பெயர்.

அந்த வண்டி ஆலையில் இவற்றைக் காத்துவந்த ஸ்டோர் கீப்பரை எல்லோரும் 'மினிமம்' என்றே அழைத்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் 'குறைந்தபட்ச இருப்பு' என்று ஓர் எண் உண்டு. கையிருப்பு அதற்குக் கீழே போனால், ஸ்டோர் சுவரிலுள்ள பலகையில் அந்தப் பொருளுக்கு நேரே சிவப்பு விளக்கு எரியும். ஆறு வருஷமாக அந்தப் பலகையில் பச்சையைத் தவிர வேறு நிறம் கிடையாது. மற்ற ஆலைக்காரர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். ரகசியம் ரொம்ப எளிது. எல்லை வந்ததும் மினிமம் கொடுக்கமாட்டார்.

வெல்டிங் ஆட்கள் பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். வைக்கோல்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவருக்குக் கோபமே வரவில்லை. காவல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வு அதிகாரி வரும் நாள் வந்தது. பலகை முழுக்கப் பச்சையாக இருந்தால் கேடயம். ஒரே ஒரு சிவப்பு எரிந்தாலும் போச்சு. வீட்டில் அவர் மனைவி கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டிலிருந்த பொம்மைகளை அகற்றி, துடைத்து, இடம் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கேடயத்துக்காக அவர் ஆறு வருஷம் ஏங்கியிருந்தார்.

பத்து மணிக்கு மெயின் லைன் பெல்ட் அறுந்தது. ஓடி வந்த ஃபிட்டர் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தம்பி.

"மாமா, பெல்ட் அறுந்துபோச்சு. புதுசு ஒண்ணு எடுங்க."

"மொத்தமே ஒண்ணுதான் இருக்கு மச்சான்."

"எனக்கும் ஒண்ணுதான் வேணும்."

"மினிமமும் ஒண்ணு. அதையும் உன்கிட்ட தூக்கிக் குடுத்துட்டா, நாளைக்குப் பெல்ட் அறுந்தா என்ன பண்றது?"

ஃபிட்டர் அறுந்த பெல்ட்டைக் கவுன்டரில் போட்டான். "இன்னைக்கே அறுந்துபோச்சு மாமா."

"அதைத்தான் நானும் சொல்றேன். இந்த மாதிரி நேரத்துக்குத்தான் கையில ஒண்ணு இருக்கணும்."

லைன் நின்றது. முந்நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சும்மா இருந்த ஃபிட்டரை மேலாளர் ஸ்டோர் கவுன்டரில் வரவு எழுத அனுப்பிவைத்தார்.

பதினொரு மணிக்கு வந்த அதிகாரி பலகையைப் பார்த்துச் சொக்கிப்போனார். அன்றைய செலவுப் பட்டியலைக் கேட்டு வாங்கினார். ஒரு கையுறை கிழியவில்லை, ஒரு சொட்டு எண்ணெய் சிந்தவில்லை. 'வரலாறு காணாத சிக்கனம்' என்று குறித்துக்கொண்டார். இவ்வளவு அமைதியான ஆலையைத் தம் சர்வீஸில் கண்டதில்லை என்றும், இந்த முறையை எல்லா ஆலைகளிலும் புகுத்தப் பரிந்துரைப்பதாகவும் சொல்லிக் கேடயத்தைக் கையில் கொடுத்தார். மினிமம் கேடயத்தைக் கவுன்டரில் வைத்துவிட்டு அதிகாரியை வாசல்வரை போய் வழியனுப்பினார்.

திரும்பி வந்தால் கேடயம் கம்பி வலைக்குப் பின்னால், பெல்ட்டுக்குப் பக்கத்தில், சரக்குச் சீட்டு கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தது.

"வந்த சரக்கை வரவு வைக்காம வெளியே விடக்கூடாதுன்னு நீங்கதானே மாமா போர்டு எழுதி மாட்டியிருக்கீங்க" என்றான் ஃபிட்டர். "வண்டியில சேராத பொருள், அதனால நம்ம கணக்கு. இருப்பு ஒண்ணு, மினிமம் ஒண்ணு. ரெண்டாவது கேடயம் வந்ததும் தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க."

மினிமம் அவனிடம் கெஞ்சிப் பார்த்தார். பெல்ட்டை விட்டால் கேடயத்தையும் விடுவதாக அவன் பேரம் பேசினான். ஆனால் இரண்டு சிவப்பு எரியும். அவர் பலகையைப் பார்த்தார். புதிதாக ஒரு பச்சை விளக்கு கூடியிருந்தது. கண் கலங்க, "இருக்கட்டும்" என்றார்.

மூன்றாம் நாள் அனுமதிச் சீட்டு வாங்கி மனைவியை ஆலைக்கே அழைத்துவந்தார். அவள் கம்பி வலையில் முகத்தை ஒட்டிக் கேடயத்தைப் பார்த்துப் பூரித்தாள். அப்புறம் திரும்பி, ஓசையில்லாத கூடத்தையும், சுவரோரம் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்த ஆட்களையும் பார்த்தாள்.

"அதெல்லாம் சரிங்க. இங்க வண்டி எங்க செய்றீங்க?"

மினிமம் படிவங்கள் இருக்கும் தட்டை எட்டிப் பார்த்தார். அந்த மாதிரிக் கேள்வியை எழுதிக் கேட்க ஆலையில் ஒரு படிவம் உண்டு. ஸ்டோரில் அந்தப் படிவம் இருப்பு ஒன்று, மினிமம் ஒன்று.