பச்சை விளக்குக்குத் தகுதியானவர்

ஒரு நகரத்தை முழுமையாக அறியும் தகுதி, அன்று காலைதான் அங்கே வந்து இறங்கியவருக்கு மட்டுமே உண்டு. அங்கேயே பிறந்து, அங்கேயே பேருந்தில் தொங்கி, அங்கேயே தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடி வளர்ந்தவர்களின் கருத்து, பழக்கத்தால் கெட்டுப்போன கருத்து. இந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடித்து, அதற்கென ஓர் அலுவலகமும் திறந்து, உள்ளே குளிர்சாதனமும் மாட்டிய பெருமை அந்த நகரத்தின் விருந்தினர் வரவேற்புத் துறையைச் சேரும்.

துறையில் ஆங்கிலம் தெரிந்தவள் ஒரே ஒருத்திதான். அவளை எல்லோரும் 'டெம்ப்ரவரி' என்று கூப்பிட்டார்கள். தற்காலிகமாகச் சேர்ந்தவள். நிரந்தர இயக்குநர்கள் இரண்டு பேர் மாலையும் கழுத்துமாக ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அவள் இன்னும் தற்காலிகமாகவே இருந்தாள். குடும்பத்தின் முதல் பட்டதாரி. எனவே வீட்டில் மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்வது அவள். அலுவலகத்தில் விருந்தினர் வாய் திறந்தால் மொழிபெயர்ப்பதும் அவள். இரண்டு இடத்திலும் 'நீ என்னம்மா நினைக்கிறே?' என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

கேட்காமலே அவள் சொல்லிவந்தது ஒன்று உண்டு. அலுவலக வாசலில் ஓடும் பெரிய சாலையைக் கடக்க ஒரு சிக்னல் வேண்டும். சாலைக்கு இந்தப் பக்கம் அவள் வீடு. அந்தப் பக்கம், அவளுடைய அம்மா துணி துவைக்கும் ஆஸ்பத்திரி. போன மழைக்காலத்தில் ஒரு பால் வண்டி அம்மாவின் முழங்காலைத் தட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. அன்றிலிருந்து அம்மா ஒரு காலை வைப்பாள், மறு காலை இழுப்பாள்.

தெருவே தொண்டை வற்றக் கத்திய பிறகு, சாலையோரம் ஒரு கம்பம் முளைத்தது. கம்பத்தில் பொத்தான் இருந்தது, உச்சியில் விளக்கு இருந்தது, விளக்கின் மேல் சாக்கு இருந்தது. திறந்துவைக்கப் பெரிய மனிதர் யாருக்கும் நேரம் கிடைக்காததால் சாக்கு அங்கேயே மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு தேதி குறித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வெளிநாட்டுப் பயணி ஒருவர் வந்து இறங்கினார்.

நல்ல உயரம். முதுகில் அவரைவிடக் கனமான பை. தன்னைத் தேடிப் புறப்பட்டிருக்கிறாராம். இவ்வளவு கூட்டத்துக்குள் வந்து எதற்குத் தேடுகிறார் என்று டெம்ப்ரவரிக்குப் புரியவில்லை. ஏதாவது காலி மைதானத்தில் தேடியிருந்தால் சீக்கிரம் கிடைத்திருப்பார். ஆனால் அவர் கைப்பேசியில் எதைச் சொன்னாலும் உலகம் முழுக்கப் பல லட்சம் பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் இயக்குநர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார்.

"ஏம்மா, சீக்கிரம் போ. முதல் எண்ணம் ஆறிப்போறதுக்குள்ள வாங்கிடணும்."

அவள் போனபோது பயணி சாலையோரம் நின்றிருந்தார். ஒரு காலைக் கீழே வைப்பார், லாரி ஒன்று உறுமும், காலை எடுத்துக்கொள்வார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வந்த அம்மா இந்த வேடிக்கையைப் பார்த்து நின்றாள்.

"என்னடி, இந்தத் தம்பி நட்டு வெச்ச மாதிரி நிக்குது?"

"ரோட்டைக் கடக்கணுமாம், அம்மா."

"கடக்கட்டுமே, யாரு புடிச்சு வெச்சிருக்கா?"

"வண்டி நிக்கட்டும்னு பாக்குறாராம்."

அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தூக்குவாளி குலுங்கியது. "வண்டி நிக்குறதா! யாரு பெத்த புள்ளையோ, பாவம்." தூக்குவாளியை முழங்கையில் மாட்டிக்கொண்டு அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். மற்றொரு கையை உயர்த்தி, உள்ளங்கையை வண்டிகளுக்குக் காட்டினாள். "ஓடாதப்பா. ஓடினாத்தான் அடிப்பான். என் காலு எப்படிப் போகுதோ, அப்படியே வா."

ஒரு வார்த்தையும் புரியாமல், எல்லாம் புரிந்தவராக, பயணி அப்படியே போனார். அந்தப் பக்கம் சேர்ந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கைப்பேசியை எடுத்து உலகத்துக்குச் சொன்னார்: "இதுதான் ஆசியா! இது சாலை அல்ல, நடனம். யாரும் நிற்கவில்லை, யாரும் மோதவுமில்லை. அந்தத் தாய் ஒரு காலை மெல்ல இழுத்து இழுத்து வைத்த நிதானம் இருக்கிறதே! எங்கள் ஊரில் விளக்குகள்தான் எங்களைக் கெடுத்துவிட்டன."

மாலைக்குள் துறையின் அவசரக் கூட்டம் கூடியது. பயணி நடுவில். டெம்ப்ரவரி ஓரத்தில், நின்றபடி.

"நடனமாமே!" என்றார் இயக்குநர், நெகிழ்ந்துபோய். "இவ்வளவு நாளா வாசல்லயே நடந்திருக்கு. நாம பாக்கவே இல்லையே!"

"நாம கார்ல வர்றோம் சார்," என்றார் துணை இயக்குநர். "கண்ணாடி வேற கறுப்பு."

"அந்த சிக்னலைத் திறந்தா இந்தக் கலை என்னாகும்?"

"செத்துப்போயிடும் சார்."

"அப்ப கம்பத்தைப் பிடுங்கிடுவோம்."

டெம்ப்ரவரிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "சார், அது எங்கம்மா காலு. நடனமும் இல்ல, மண்ணும் இல்ல. பால் வண்டி இடிச்ச காலு. இன்னொரு வண்டி இடிச்சா அதுவும் இருக்காது."

"உணர்ச்சிவசப்படாதேம்மா. விருந்தினர் சொல்றதை மட்டும் நீ சொன்னா போதும்." இயக்குநர் கருணையோடு யோசித்தார். "அம்மாவுக்கு ஒரு சால்வை போட்டு கௌரவிச்சிடுவோம்."

செய்தி வீட்டுக்குப் போனபோது அம்மா கேட்டாள்: "சால்வையா? நீளமா இருக்குமா? முழங்காலுக்குச் சுத்திக்கலாம்."

மறுநாள் டெம்ப்ரவரி பயணியைப் பிடித்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் பேசினாள். கல்லூரியில் சொல்லிக்கொடுத்த ஆங்கிலமல்ல. கோபம் வந்தால் தானாகக் கொட்டும் ஆங்கிலம். நீ ஒருதரம் கடந்தாய், அதுவும் எங்கம்மா கையைப் பிடித்துக்கொண்டு. அவள் தினமும் கடக்கிறாள். அவள் கையைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? உன் நடனத்தால் எங்களுக்கு விளக்குப் போச்சு.

பயணியின் முகம் வெளுத்தது; ஏற்கெனவே வெளுப்பு என்பதால் சட்டென்று தெரியவில்லை. நல்ல மனிதர். நேராக இயக்குநரிடம் போனார். அவர் சொல்லச் சொல்ல டெம்ப்ரவரி ஒரு சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள்.

"அவருக்கு நேத்து உயிரே போச்சாம் சார். அவங்கம்மாவைக் கூப்பிட்டு அழுதாராம். தனியா இனி ஜென்மத்துக்கும் கடக்க மாட்டாராம். இந்த ஊர் ஜனங்களுக்காகத் தயவுசெஞ்சு விளக்கைப் போடச் சொல்றார்."

இயக்குநர் பதறி எழுந்தார். "என்னது! விருந்தினர் பயந்தாரா?"

கடைசி வாக்கியம் அவர் காதில் விழவே இல்லை. ஒரு தெருவே வருடக்கணக்கில் கத்தி நடக்காதது, ஒருவர் பயந்ததில் டீ ஆறுவதற்குள் நடந்தது. சாக்கு இறங்கியது. விளக்கு எரிந்தது. ஆனால் துறை கலையையும் கைவிடவில்லை. கம்பத்தடியில் சீருடையோடு ஒரு காவலாளியை நிறுத்தி, இயக்குநரே உத்தரவு போட்டார்: "விருந்தினர் வந்தா பொத்தானை அழுத்து. ஊர் ஜனங்க வழக்கம்போல ஆடிக்கிட்டே கடக்கட்டும். வர்றவங்க பாக்கணும்ல?"

"விருந்தினரை எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார் காவலாளி.

"இதென்னய்யா கேள்வி? முதுகில பை இருக்கும். ரோட்டைப் பாத்து பயந்துபோய் நிப்பாங்க."

பயணி இருந்தவரை பிரச்சினை இல்லை. வெட்கமோ பிராயச்சித்தமோ, காலையும் மாலையும் வந்து நின்று, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடந்தார். அவர் பின்னால் தெருவே நடந்தது. "தம்பி, வேலைக்கு நேரமாச்சு, கொஞ்சம் கடந்து விடுப்பா," என்பாள் அம்மா. ஆனாலும் மனிதர் எத்தனை நாள்தான் தன்னைத் தேடாமல் அந்தச் சாலையையே கடந்துகொண்டிருப்பார்? ஒருநாள் எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டு ரயிலேறினார்.

மறுநாள் காலை டெம்ப்ரவரி பரணிலிருந்து தன் கல்லூரிப் பையை இறக்கினாள். தூசி தட்டி அம்மாவின் முதுகில் மாட்டினாள்.

"எதுக்குடி இது? சோத்து வாளி கையிலதானே இருக்கு?"

"பேசாம போய் கம்பத்துக்கிட்ட நில்லும்மா. பயந்த மாதிரி மூஞ்சி வெச்சுக்கோ."

"நானா? இந்த ரோட்டுக்கா?"

"கொஞ்சம் நடிம்மா!"

அம்மா நின்றாள். வாயைப் பிளந்து, கண்ணை உருட்டி, ஊரையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். காவலாளி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துப் பொத்தானை அழுத்தினார். லாரி நின்றது. பேருந்து நின்றது. பால் வண்டிகூட நின்றது. அம்மா நடுச்சாலையில் காலை இழுத்து இழுத்து, அவசரமே இல்லாமல் நடந்தாள்.

இன்று அந்தத் தெருவில் முதுகில் பை இல்லாத ஆளே கிடையாது. விருந்தினர் வருகை பலமடங்கு பெருகியதாக இயக்குநருக்குப் பாராட்டு விழாவும் நடந்தது. அந்த நகரத்தில் மனித உயிருக்கு மதிப்பில்லை என்று இனி யாரும் வாய்கூசாமல் சொல்லக் கூடாது. மதிப்பு தாராளமாக உண்டு. சீக்கிரமே ஊரைவிட்டுப் போய்விடுவோம் என்று நம்பவைத்தால் போதும்.