வாய்க்காலில் ஒரு புத்துணர்வு விடுப்பு

வாய்க்கால் பராமரிப்பு வாரியத்தின் ஊழியர்கள் மிகவும் களைத்துப் போயிருக்கிறார்கள் என்று ஒரு குழு கண்டறிந்தது. ஊட்டியில் ஆறு நாள் தங்கிக் கண்டறிந்தது. என்ன செய்து களைத்தார்கள் என்பது குழுவின் ஆய்வு வரம்புக்குள் வரவில்லை.

அதன்படி, இருபது ஆண்டு பணி முடித்தவர்களுக்கு நாற்பத்தைந்து நாள் 'பணிப் புத்துணர்வு விடுப்பு' வழங்கி ஆணை பிறந்தது. வீட்டில் படுத்துத் தூங்குவதற்கு இல்லை. புதிதாக ஒரு பொழுதுபோக்கு கற்க வேண்டும், திறந்த வெளியில் ஒரு சாகசம் செய்ய வேண்டும். இரண்டுக்கும் அந்தந்த இடத்துப் பொறுப்பாளரிடம் படிவம் பதினொன்றில் கையெழுத்தும் முத்திரையும் பெற வேண்டும். முத்திரை இல்லாத சாகசம் நடந்ததாகக் கருதப்படமாட்டாது.

நீடாமங்கலம் கிளையிலிருந்து முதல் ஆளாகப் போனவர் தலைமை எழுத்தர் இராஜாங்கம். அவர் போன அன்றைக்குத்தான் நான் பதினான்காவது மனுவோடு போய் நின்றேன். என் பெயர் நடராசன். எங்கள் வாய்க்கால் பாசனதாரர் சங்கத்தின் செயலாளர். சங்கத்தின் மொத்தச் சொத்து ஒரு வட்ட ரப்பர் முத்திரை.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வாய்க்காலுக்குள் வரவில்லை, ஏனென்றால் அதை ஆகாயத்தாமரை முழுதாக மூடியிருந்தது. அள்ளுவதற்கு மெஷின் அனுப்பும் உத்தரவு பதினோரு வருஷமாக இராஜாங்கத்தின் மேசையில் இருந்தது. பக்கத்து போர்செட்டுக்காரர் தயவில் கிடைத்த கொஞ்சம் தண்ணீரில் அப்போதுதான் நாற்று விட்டிருந்தேன். இருபத்தைந்து நாளுக்குள் நடாவிட்டால் நாற்று முற்றிவிடும், குறுவைச் சாகுபடி போய்விடும்.

"சார் சாகசத்துக்குப் போயிருக்காருங்க," என்றார் பக்கத்து மேசை விஜயலட்சுமி.

"நீங்க கையெழுத்துப் போடுங்களேம்மா."

"நான் இன்னும் களைச்சுப்போற சீனியாரிட்டிக்கு வரலீங்க. கையெழுத்து அதிகாரமும் அதுக்கப்புறம்தான்."

இராஜாங்கம் திருக்கடையூருக்குப் போய், யாரோ ஒருவருடைய அறுபதாம் கல்யாணத்தைப் போட்டோ எடுத்து, பந்தியிலும் உட்கார்ந்து, மண்டப மேலாளரிடம் முத்திரை வாங்கிவிட்டார். பொழுதுபோக்கு முடிந்தது. சாகசம்தான் இழுத்தது. தொப்பி, ஆறு பை வைத்த கால்சட்டை, கழுத்தில் பைனாகுலர் சகிதம் கோடியக்கரைக்குப் போனார். அது ஆனி மாதம். பறவைகள் ஐப்பசிக்கு மேல்தான் வருமென்றும், வராத பறவைக்கு முத்திரை வைக்க இயலாதென்றும் அங்கிருந்த காவலர் தெரிவித்தார். பிறகு செல்லத்துரை என்பவரின் படகில் கடலுக்குப் போய் மூன்று முறை வாந்தி எடுத்தார். கரை சேர்ந்ததும் படிவத்தை நீட்டினார்.

"சீல் இல்லீங்களே," என்றாராம் செல்லத்துரை. "மீன் வேணா தரட்டுங்களா?"

இருபதாம் நாள் அவரை ரயில்வே கேட்டில் பார்த்தேன். கேட் மூடியிருந்ததால் பேச நேரம் இருந்தது.

"சார், அந்த மெஷின் உத்தரவு..."

"விடுப்புல ஆபீஸ் விஷயம் பேசினா புத்துணர்வு கெட்டுரும். ஏழாவது விதி," என்றார். பிறகு குரல் இறங்கியது. "சாகசம் கிடைக்கல நடராசன். கிடைக்கலைன்னா விடுப்பும் செல்லாது, கண்காணிப்பாளர் பிரமோஷனும் போயிரும்."

எனக்கு அவர்மேல் பரிதாபம் வரவில்லை. ஆனால் சட்டைப் பையில் முத்திரை இருந்தது.

"சார், இடுப்பளவுத் தண்ணி. கீழ சேறு. மேல பச்சையா மூடிக் கெடக்கும், உள்ள பாம்பு இருக்கான்னு யாருக்கும் தெரியாது. பொறுப்பாளர் நான்தான். சீலும் எங்கிட்டயே இருக்கு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்த ஊருங்க இது?"

"உங்க மேசையில பதினாலு மனுவா இருக்கே, அந்த ஊருதாங்க."

மறுநாள் காலை ஹெல்மெட், மிதவைச் சட்டையோடு இறங்கினார். மாலைக்குள் முப்பதடி தூரம் அள்ளிவிட்டார். சேற்றோடு நிற்கும் படத்தை ஆபீஸ் வாட்ஸாப் குழுவில் போட்டார். அதற்கடுத்த நாள் தஞ்சாவூரிலிருந்து ஒரு வேன் நிறைய அதிகாரிகள் வந்தார்கள். மூன்றாம் நாள் இரண்டு வேன். ஆகாயத்தாமரை அள்ளாத அதிகாரியைச் சக அதிகாரிகள் ஒரு மாதிரியாகப் பார்க்கும் நிலை வந்தது. நான் கரையில் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டே இருந்தேன். ஊரே திரண்டு நின்று கைதட்டியது. ஒருவரும் இறங்கவில்லை.

"இத நாமளே ரெண்டு நாள் எறங்கி அள்ளியிருக்கலாம்ல?" என்றாள் என் மனைவி அம்சம்.

"அது அவங்க வேலை," என்றேன்.

இருபத்துநான்காம் நாள் மடையில் தண்ணீர் புரண்டு வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடவு முடிந்தது.

அடுத்த வாரம் வந்த அதிகாரிகள், வாய்க்கால் சுத்தமாக இருப்பதைக் கண்டு கொதித்துப் போனார்கள். இன்னும் அறுபது பேர் சாகசம் செய்யாமல் நிலுவையில் இருந்தார்கள். வாரியம் அவசரமாகக் கூடி, எங்கள் வாய்க்காலைச் 'சாகசத் தலம்' என்று அறிவித்து, அதை முந்தைய நிலைக்கு மீட்டெடுக்க ஆணையிட்டது. பதினோரு வருஷம் வராத மெஷின் இரண்டே நாளில் வந்தது. பக்கத்துத் தாலுகாவிலிருந்து எட்டு லாரி ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து எங்கள் வாய்க்காலில் கொட்டி, சமமாகப் பரப்பிவிட்டுப் போனது.

நான் கொதித்துப்போய் வாரியத்துக்குப் போனேன். விடுப்பை முடித்துக்கொண்டு கண்காணிப்பாளராகியிருந்த இராஜாங்கம் எழுந்து நின்று வரவேற்றார். என்னைக் 'கௌரவ சாகச வழிகாட்டி'யாக நியமிக்கும் உத்தரவில் என் கண்ணெதிரிலேயே கையெழுத்துப் போட்டார். அவர் அன்றைக்கு அன்றே போட்ட ஒரே கையெழுத்து அது. ஒரு நாற்காலி, ஒரு பெரிய குடை, ஒரு விசில், கழுத்தில் தொங்கவிட ஓர் அடையாள அட்டை. என் கோபத்தை எந்த இடத்தில் விட்டேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

போன வியாழக்கிழமை குடையடியில் உட்கார்ந்திருந்தேன். கரையோரமாக அம்சம் வேகமாக வந்தாள்.

"தண்ணி நின்னு நாலு நாளாச்சு. பயிரு மஞ்சளாப் போவுது. நீங்க இங்க விசில் ஊதிட்டு இருக்கீங்க."

"மனு எழுதிக் குடு அம்சம். பார்க்கலாம்."

"நம்ம வயலுக்கா?"

"யாரு வயலா இருந்தா என்ன, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. நாளைக்குக் கொண்டா."

"நாளைக்கு இங்க இருப்பீங்கள்ல?"

"தெரியல," என்றேன். "ரொம்பக் களைப்பா இருக்கு. விடுப்பு கேட்டு எழுதியிருக்கேன்."