ஐந்தே முக்காலுக்குள் ஒரு தியானம்

தியானக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்கள் சபையில் நிச்சயம் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் பக்கத்துச் சபைக்காரர் ஒருவர் உங்கள் எண்ணை எங்கிருந்தாவது தேடிப் பிடித்து அனுப்பிக்கொண்டிருப்பார். வேதம் வாசிக்கிற எல்லாரும் தியானக்காரர் ஆகிவிட முடியாது. வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் நமக்குத் தொந்தரவில்லை. தியானக்காரர் வாசிப்பது எழுதுவதற்காக, எழுதுவது அனுப்புவதற்காக, அனுப்புவது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதற்காக.

நம்முடைய தியானக்காரர் ஒரு மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளர். விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுந்து, முகம் கழுவி, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஜிப் வைத்த தோலுறையிலிருந்து வேதாகமத்தை எடுத்து வைத்து, அதன் பக்கத்தில் நான்கு நிறப் பேனாக்களை வரிசையாக அடுக்கி, கண்ணை மூடித் திறந்தால் ஆராதனை தொடங்கிவிட்டது என்று பொருள். வாக்குத்தத்தத்துக்கு மஞ்சள், ஆறுதலுக்கு நீலம், கட்டளைக்குப் பச்சை, கண்டனத்துக்குச் சிவப்பு. மஞ்சளும் நீலமும் தனக்கு. சிவப்பு பிறருக்கு. சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் பொடியாக எழுதியிருப்பார்: 'கிடங்கு மேலாளர்', 'எதிர் வீட்டுக்காரர்', 'மச்சினன்'. சண்டைக்காரியான மனைவியைப் பற்றி வருகிற இடத்தில் மட்டும் இரண்டு கோடு போட்டுப் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறார். வீட்டில் அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டுகிறவர் யார் என்று அவருக்குத் தெரியாதா?

அவருடைய தியானம் 'கர்த்தர் இன்று என்னோடு பேசினார்' என்று தொடங்கும். 'என் இருதயம் உடைந்தது' என்று முடியும். தினமும் விடியலில் உடைந்து, எட்டு மணிக்குள் தானாக ஒட்டிக்கொண்டு, எட்டரைக்குக் கிடங்கில் பெட்டி அடுக்குகிற பெண்களைப் பார்த்துக் கத்துவதற்குத் தயாராகிவிடுகிற அபூர்வமான இருதயம் அது. சபையின் வாட்சப் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதே குழுவில் ஒரு தையற்காரரும் தியானம் எழுதுகிறார். ஐந்து ஐம்பதுக்கு அனுப்புகிறார். ஆகவே நம்மவர் ஐந்தே முக்காலுக்கு அனுப்புகிறார். பரிசுத்த ஆவியானவர் அந்த நேரத்துக்குள் பேசி முடித்தாக வேண்டும்.

இந்த மனிதருக்கு ஓர் அண்ணன். இருவருக்கும் நான்கு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அப்பாவின் நினைவுக் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்த தியானக்காரர் நாற்பது நிமிடம் தாண்டியும் உட்காரவில்லை; அப்பாவைப் பற்றி ஆரம்பித்தவர் தன்னைப் பற்றி வந்து நின்றுகொண்டிருந்தார். குழந்தைகள் பசியில் சிணுங்க, பின்னால் இருந்த அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்து, "போதும்டா, உக்காரு" என்றார். அவ்வளவுதான் நடந்தது. சபை நடுவே சட்டையை இழுத்தவனோடு எனக்கென்ன பேச்சு என்று இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நான்கு வருடத்தில் மன்னிப்பைப் பற்றி மட்டும் முப்பத்தோரு தியானம் எழுதியிருக்கிறார்.

ஒரு புதன்கிழமை மாலை மனைவி சொன்னார், "உங்க அண்ணனை ஆஸ்பத்திரில சேத்திருக்காங்களாம். நாளைக்குப் பத்து மணிக்கு இதயத்துல ஆபரேஷன். போய்ப் பாத்துட்டு வாங்க."

"பாக்கலாம்," என்றார்.

மறுநாள் விடியலில் வேதத்தைத் திறந்தால் அன்றைய பகுதி என்ன தெரியுமா? காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னால் அப்படியே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு, சமாதானமாகிக்கொள் என்கிற பகுதி. தியானக்காரர் திடுக்கிட்டார். பொய் சொல்லக் கூடாது, உண்மையிலேயே திடுக்கிட்டார். ஓரத்தில் எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியாமல் பென்சில் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. இன்றைக்கே போய்விட வேண்டும், ஆறு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள், போய் அண்ணன் கையைப் பிடித்து மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட வேண்டும் என்று மனதார நினைத்தார். அப்படியே எழுந்து செருப்பை மாட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை.

கடிகாரம் ஐந்து இருபது காட்டியது. தியானத்தை அனுப்பிவிட்டுப் போகலாமே என்று உட்கார்ந்தார். 'இன்று அண்ணனைப் பார்க்கப் போகிறேன்' என்று எழுதிப் பார்த்தார். சப்பென்று இருந்தது. போகப் போகிறவனுக்காக யார் கண்ணீர் விடுவார்கள்? அழித்துவிட்டு, 'நேற்று மாலை போனேன்' என்று எழுதினார். அதற்குப் பிறகு விரல் நிற்கவில்லை. மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரம் வந்தது, மருந்து வாடை வந்தது, அண்ணனின் மெலிந்த கை வந்தது, அதைப் பற்றிக்கொண்டு இவர் தேம்பியது வந்தது, இருதயம் வழக்கத்தைவிட நன்றாக உடைந்தது. எழுதும்போதே இவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அரை நாள் முன்னே பின்னே. ஆறு மணிக்குப் போய்ச் செய்யப்போவதுதானே? ஐந்து நாற்பத்து நாலுக்கு அனுப்பினார்.

ஆறு மணிக்குள் எண்பது பேர் கைகூப்பிவிட்டார்கள். பாட்டுக் குழுத் தலைவி 'அழுதுவிட்டேன் ஐயா' என்று எழுதினார். தையற்காரர்கூட, பாவம், ஆமென் போட்டார். ஒவ்வொருவருக்கும் 'மகிமை அவருக்கே' என்று தனித்தனியாகப் பதில் எழுதி நிமிர்ந்தபோது மணி ஏழேகால். போதகர் கடைசியாக எழுதியிருந்தார்: 'ஒன்பது மணிக்கு நானும் அங்கே போகிறேன். அண்ணனோடு சேர்ந்து இந்த ஒப்புரவுக்காக ஸ்தோத்திரம் சொல்வோம்.'

அண்ணனும் அந்தக் குழுவில்தான் இருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டில் ஒருவர். இதுவரை கைகூப்பாதவர். போன் அடித்தது.

"தம்பி, படிச்சேன்டா."

தியானக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நேத்து வந்திருந்தியா? மாத்திரை குடுத்திருந்தாங்க. தூங்கிட்டேன் போல. எழுப்பியிருக்கலாமேடா."

எவ்வளவு பெரிய கதவைத் திறந்து வைக்கிறார் பாருங்கள். இல்லண்ணே, வரல, இதோ வர்றேன் என்று சொல்ல எத்தனை விநாடி ஆகும்?

"நல்லா தூங்கிட்டிருந்தீங்கண்ணே," என்றார். "எழுப்ப மனசு வரல."

"சரிடா. பத்து மணிக்கு உள்ள கொண்டு போறாங்க. முடிஞ்சா அதுக்குள்ள இன்னொரு தடவை வாயேன்."

மனைவி இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றிருந்தார். "கிளம்புங்க. பத்து நிமிஷம் தூரம்தான்."

"இப்ப எப்படிப் போறது? போதகர் ஐயா வந்துடுவாரு. அண்ணி நேத்து பூரா கட்டில் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்களாம். நான் போய் நின்னா, நேத்து வரலன்னு தெரிஞ்சிடும்."

"போகலன்னா மட்டும் தெரியாதா?"

"போகலன்னா சந்தேகம். போனா உறுதி."

மனைவி சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போனார். தியானக்காரர் முழங்கால் போட்டு ஜெபித்தார். அண்ணனுக்காக உருக்கமாகத்தான் ஜெபித்தார். பாதியில் ஒரு நல்ல வாக்கியம் தோன்றவே, மறந்துவிடுமே என்று எழுந்து போனில் குறித்துக்கொண்டு, மறுபடி முழங்காலிட்டார்.

பத்தரைக்கு மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "ஐயா கேட்டாரு. 'தம்பி நேத்தே வந்துட்டுப் போயிட்டான் ஐயா'ன்னு உங்க அண்ணன் சொன்னாரு. அண்ணி ஏதோ சொல்ல வந்தாங்க, அவங்க கையை அமுக்கிட்டாரு. அப்புறம் வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு. உள்ள தள்ளிட்டுப் போறப்பவும் தலையைத் திருப்பிப் பாத்துக்கிட்டே போனாரு."

அண்ணன் அறுவைச் சிகிச்சையிலிருந்து திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமைத் தியானம் ஐந்து இருபதுக்கே வந்துவிட்டது. சகோதரனோடு ஒப்புரவாகக் கடைசி மாலையைத் தனக்குக் கிருபையாகத் தந்த தேவனுக்கு நன்றி சொல்லும் தியானம். அவர் எழுதியதிலேயே அதுதான் மிகச் சிறந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நூற்று நாற்பது பேர் கைகூப்பினார்கள். ஒருவர் மட்டும் குழுவை விட்டு வெளியேறினார். தியானக்காரரின் மனைவி.

சீ, இப்படியும் ஒரு மனிதனா என்கிறீர்கள். நியாயம். நீங்கள் பேசாமல் விட்டுவைத்திருக்கிற ஒருவருடைய முகம் வந்து போயிருக்கலாம். கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். நல்ல மனசு உங்களுக்கு. தோன்றியதே பேசிய மாதிரி நிம்மதியாக இருக்கிறதல்லவா? அவருக்கும் சரியாக அப்படித்தான் இருந்தது.