கிணற்றின் மேல் வைத்த கோப்பை

அளவற்ற அருளாளனின் பெயரால். கோபத்திலும் விருந்து வைப்பதிலும் எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான மச்சான் ஹவாஸ் அவர்களுக்கு, தங்கள் தங்கை வழ்ஹாவின் கணவனும் நம் தலைவர் அமீரின் காப்பி ஊற்றுபவனுமாகிய முத்லக் ஸலாம் சொல்லி எழுதுவிப்பது. நான் நலம். தங்கள் நலமும் தங்கள் ஒட்டகங்களின் நலமும், முக்கியமாக அந்தக் கடிக்கிற கறுப்பியின் நலமும் அறிய ஆவல். தலைப்பிரசவத்துக்குத் தங்கள் கூடாரத்துக்கு வந்திருக்கும் வழ்ஹாவுக்குப் பேரீச்சையும் நெய்யும் குறையாமல் கொடுத்து வரவும். எனக்கு எழுத்து வராது என்பது தாங்கள் அறிந்ததே. முகாம் இமாம் எழுதித் தருகிறார். நடுவில் எங்காவது வெற்றிடம் இருந்தால், நான் சொன்ன வசவை அவர் எழுத மறுத்துவிட்டார் என்று கொள்ளவும்.

மச்சான், முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நம் உம் ஜுரைத் கிணறு நம் கையை விட்டுப் போனது. பதற வேண்டாம், திரும்பி வந்துவிட்டது. போனதற்கும் நான்தான் காரணம், வந்ததற்கும் நான்தான் காரணம். பின்னதை மட்டும் ஊரில் சொன்னால் போதும்.

நடந்தது இதுதான். பிரிட்டிஷ்காரர்களின் தூதராக விட்லாக் துரை என்று ஒருவர் ஜித்தாவில் கப்பல் இறங்கி வந்தார். மாற்று மதத்தவரான அவர் மக்காவின் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது என்பதால் அமீரே இந்தப் பக்கம் இறங்கிவந்து கூடாரம் போட்டார். எல்லை பேச வந்தவருக்கே ஓர் எல்லை. பேச்சு இரண்டு விஷயம். ஒன்று, வடக்கே நம் மேய்ச்சல் நிலத்தின் நடுவில் அவர்கள் போடப்போகும் கோடு. மற்றொன்று, அவர்கள் ஆளும் நாடுகளிலிருந்து ஹஜ்ஜுக்கு வருகிறவர்களின் பாதுகாப்பு. கோட்டுக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் வேறு அரசின் குடிகளாம், இந்தப் பக்கம் வந்துபோக முத்திரை போட்ட காகிதம் வேண்டுமாம். ஒன்பது நாள் நின்று காப்பி ஊற்றியே எனக்குக் கால் வீங்கிவிட்டது. ஆனாலும் காதை மட்டும் கோட்டுப் பேச்சிலிருந்து எடுக்கவில்லை, ஏனென்றால் என் பிள்ளை பிறக்கப்போவது அந்தக் கிணற்றடியில். ஒன்பதாம் நாள் கோடு கிணற்றுக்கு வடக்கே போயிற்று, கிணறு நம் பக்கம் நின்றது. நான் மனசுக்குள்ளேயே இரண்டு ரக்அத் தொழுதேன்.

பத்தாம் நாள் மதியம் துரைக்கு மரியாதை செய்கிறேன் என்று யாரோ ஆட்டு வால் கொழுப்பை முழுசாக அவர் முன்னால் தள்ளிவிட்டார்கள். (யாரோ இல்லை, நான்தான்.) மனுஷன் மறுக்கத் தெரியாமல் அதை முழுங்கிவிட்டார். சாப்பிட்டதும் வரைபடத்தைக் கம்பளத்தில் விரித்தார்கள். நான் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு கூடாரத்துக்குள் தலையை நீட்ட, அதை விரட்டத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால், துரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்திருக்கிறார். வைத்தது எங்கே? வரைபடத்தின் மேல். வரைபடத்தில் எங்கே? நம் கிணற்றின் மேல்.

விருந்தாளி குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தால், ஏதோ கேட்கிறார், கொடுக்கும்வரை குடிக்க மாட்டார் என்று அர்த்தம், இது நம் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அமீர் கோப்பையைப் பார்த்தார், கோப்பைக்கு அடியில் இருந்ததையும் பார்த்தார். முகம் கறுத்துப்போனது. ஆனால் வீட்டுக்காரர் சொல்ல வேண்டியதை அவர் சொல்லித்தானே ஆக வேண்டும்?

“குடிங்க துரை. நீங்க கேட்டது கொடுத்தாச்சு.”

மொழிபெயர்ப்பாளர் நஸீப் எஃபெந்தி டமாஸ்கஸ்காரர், பட்டணத்து ஆள். கோப்பையின் கதையை விட்டுவிட்டு, “கிணறு உங்களுக்கே” என்று மட்டும் துரையிடம் சொல்லியிருக்கிறார். துரை விழித்தார், சந்தேகப்பட்டார், பிறகு எழுதிக்கொண்டார், சாயங்காலமே ஜித்தாவுக்கு ஆள் அனுப்பித் தந்தியும் கொடுத்துவிட்டார். அந்த நஸீப்பை நான்                   . (இமாம் மறுத்துவிட்டார்.)

நான் அமீரின் காலடியில் போய் உட்கார்ந்தேன். “அமீரே, அவர் ஒண்ணும் கேக்கல. அவருக்கு வயித்து வலி.”

“தெரியும்டா. அவர் கூடாரத்துக்குப் பின்னாடி ஓடினதை நானும்தான் பார்த்தேன்.”

“அப்புறம் ஏன் கொடுத்தீங்க?”

“கோப்பை கீழ வந்துடுச்சு, வார்த்தை வெளிய வந்துடுச்சு. வயித்து வலிக்காரனுக்குக் கொடுத்தாலும் வார்த்தை வார்த்தைதான். நான் திருப்பிக் கேக்க முடியாது.” தாடியைத் தடவினார். “ஆனா அவர் கூடாரத்துலயும் கோப்பை இருக்கு. நீ அங்க விருந்தாளியா போறதை யார் தடுத்தா?”

மச்சான், அப்போதே முடிவு செய்துவிட்டேன். கிணறு வராமல் என் தொண்டையில் அந்த மனுஷனுடைய ஒரு சொட்டும் இறங்காது.

மறுநாள் காலையில் போனேன். துரை நல்ல மனுஷன், உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். குடிக்காமல் கீழே வைத்தேன். சர்க்கரை போதவில்லை என்று நினைத்து ஒரு கரண்டி போட்டார். நான் அசையவில்லை. இன்னொரு கரண்டி. பிறகு பால். மாட்டுப் பால்கூட இல்லை, தகரத்தில் அடைத்த ஏதோ ஒரு பால். மாலையில் மறுபடி போனேன். மறுநாளும் போனேன். ஒன்பது கரண்டி வரைக்கும் எண்ணினேன், மச்சான். கரண்டி கோப்பைக்குள் நட்ட கம்பு மாதிரி நின்றது. நஸீப்பிடம், “விளக்கிச் சொல்லுமய்யா” என்று கெஞ்சினால், “சொன்னா மறுபடியும் பத்து நாள் பேசுவாங்க. நான் ஊருக்குப் போகணும், என் பொண்ணுக்குக் கல்யாணம்” என்கிறார். “உம்ம பொண்ணு கல்யாணத்துக்கு உமக்கு வழி இருக்கு. என் பிள்ளையைப் பார்க்க நான் யார்கிட்டய்யா காகிதம் வாங்குறது?” என்று கேட்டேன். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாம் நாள் துரையே பொறுமை இழந்தார். “உனக்கும் வயித்து வலியா?” என்றார். நஸீப் பெருமூச்சு விட்டு, கோப்பையின் கதையை முழுக்கச் சொன்னார். துரையின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. “அப்போ அன்னிக்கு நான் கிணறு கேட்டேன்னா எல்லாரும் நினைச்சாங்க? வாந்தி வந்துடும்னு பயந்துல்ல வச்சேன். எங்க ஊர்ல இருந்து என் சாமர்த்தியத்தை மெச்சித் தந்தி வந்திருக்கேப்பா.”

நான் கோப்பையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.

கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊருக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே. ஹஜ்ஜுக்கு வருகிறவர்களுக்கு ஆபத்து வராது என்று அமீர் கையெழுத்துப் போட்டால், கிணற்றைத் திருப்பிக் கொடுத்ததற்கு அதையே கைம்மாறாகக் காட்டிக்கொள்வாராம். அமீரிடம் ஓடினேன். “ஹஜ்ஜுக்கு வர்றவங்க அல்லாவோட விருந்தாளிங்க. அவங்களைக் காக்குறதுக்குக் கையெழுத்து எதுக்கு? சரி, மனுஷன் மானத்துக்காகப் போடுறேன்” என்று முத்திரை வைத்தார். துரை எனக்கு எதிரே உட்கார்ந்து, நஸீப்பிடம் கற்றுக்கொண்ட நம் மொழியில், தட்டுத் தடுமாறிச் சொன்னார்: “குடி முத்லக். கேட்டது கொடுத்தாச்சு.” ஆறிப்போன அந்தச் சர்க்கரைப் பாகை அடிவரைக்கும் குடித்தேன். அழுதேன் என்று நஸீப் சொன்னால் நம்பாதீர்கள், புகை.

இன்று காலை ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் முத்திரை வைத்துவிட்டார்கள். இனி யார் வந்தாலும் கிணற்றடியை விட்டு ஓர் அடி நகராதீர்கள். தங்கள் கூடாரத்துக் கயிறு தளராமல் இருக்கவும், மந்தை பெருகவும், தங்கள் அடுப்புச் சாம்பல் விருந்தாளிகளால் மலையாகக் குவியவும் துஆ செய்யும்,

தங்கள் மச்சான் முத்லக் பின் ஸுவைலிம்.

பி.கு.: கடிதத்தை மடிக்கும் நேரத்தில் தாங்கள் அனுப்பிய ஒட்டகக்காரர் வந்து சேர்ந்தார். எனக்கு மகள் பிறந்திருக்கிறாளாம், தாயும் பிள்ளையும் நலமாம், அல்ஹம்துலில்லாஹ். எங்கே பிறந்தாள் என்று கேட்டேன். வடக்கே நல்ல மழை பெய்து புல் முழங்கால் உயரம் வந்துவிட்டதால், தாங்கள் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு கிணற்றை விட்டுப் புறப்பட்டு இருபது நாள் ஆகிறதாம். பிள்ளை பிறந்தது கிணற்றிலிருந்து இரண்டு நாள் தூரத்தில், அதாவது புதுக் கோட்டுக்கு அந்தப் பக்கம். மச்சான், தங்களை                        . இருக்கட்டும். துரையின் கப்பல் வியாழக்கிழமை, இன்று திங்கள். அவர் கூடாரம் இன்னும் பிரிக்கவில்லை, தேநீர் கொதிக்கிற வாடை இங்கே வருகிறது. நான் போகிறேன்.