புது லைற் வெளிச்சத்தில் நான் அகப்பட்ட கதை

குரோய்டன், லண்டன்.
மார்கழி மாதம், வெள்ளிக்கிழமை.

பாசத்துக்கும் மதிப்புக்கும் உரிய அக்கா சிவனேஸ்வரிக்கு, தம்பி இராஜேந்திரன் எழுதிக்கொள்வது. நீங்களும் அத்தானும் ரொறன்ரோக் குளிரில் முழங்கால் நோவில்லாமல் நடமாட வேண்டுமென்று நாங்கள் வேண்டாத நாளில்லை. இங்கே நாங்கள் மூவரும் சுகம். அதில் இருவர் புதன்கிழமை தொடக்கம் சிரித்துச் சிரித்து வயிறு நோகிறதென்கிறார்கள். மூன்றாவது ஆள் நான். எனக்கு நோவது வேறிடம்.

நேற்று நீங்கள் தொலைபேசியில், "என்னடா தம்பி, அங்கை ஏன் எல்லாரும் சிரிக்கினம்?" என்று கேட்டபோது, லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் என் மனிசி சுவர்ணா நின்றாள். அவள் நிற்கும்போது இந்தக் கதையை நான் வாயால் சொன்னால் வரிக்கு வரி திருத்தம் சொல்லுவாள், ஆகையால் எழுதுகிறேன்.

மகள் பிரசாந்தினி படிப்போடு கல்லூரிப் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் கோல் காக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று தெரியாது; என்னிடமிருந்து இல்லை. பள்ளிக்கூடக் காலத்தில் நான் பந்தைத் தொட்டதெல்லாம் அது வேலிக்கு வெளியே போனபோது எடுத்துக் கொடுத்ததோடு சரி. ஆனால் பார்வையாளன் என்ற அளவில் என்னை அடிக்க ஆளில்லை. போன வருடம் அவளுடைய முதல் மட்சிலேயே நான் கோட்டோரம் நின்று, "பிள்ளை முன்னுக்கு வா, பின்னுக்குப் போ, கையை விரி, காலை மூடு" என்று மூச்சு விடாமல் கத்தியதில், நடுவர் விளையாட்டை நிறுத்திவிட்டு என்னிடம் வந்து, பயிற்சியாளர் நீங்கள்தானா என்று மரியாதையாகக் கேட்டார். நான் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு கை கொடுத்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது பிள்ளை அழுதாள். "அப்பா, நீங்கள் கத்தினா எனக்குப் பந்து தெரியேல்லை, உங்கட குரல் மட்டும்தான் தெரியுது" என்றாள். நியாயமான பேச்சு. அறிவுள்ள தகப்பன் என்றால், சரி பிள்ளை, இனிக் கத்தமாட்டன் என்று சொல்லியிருப்பான். நான் ரோசக்காரன் அல்லவா, "எனக்கென்ன, இனி அந்த மைதானப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன சொல்லை ஒரு கிழமைகூடக் காப்பாற்ற ஏலவில்லை. அடுத்த புதன்கிழமையே ஈஸ்ட் ஹாமுக்கு மரக்கறி வாங்கப் போகிறேன் என்று புறப்பட்டு, மைதானத்தின் கோடியில் வலைகளும் கொடிகளும் வைக்கிற கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்றேன். இங்கே குளிர்காலத்தில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். கல்லூரி மைதானத்து லைற்றுகளோ பாதி எரியாது, எரிகிற பாதியும் கண் சிமிட்டும். அந்தக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு யானையைக் கட்டி வைத்தாலும் தெரியாது. நான் வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு, பிள்ளை பாய்ந்தால் நானும் பாய்ந்து, அவள் விழுந்தால் நானும் நெஞ்சைப் பிடித்து, மழையிலும் நனைந்துகொண்டு வருடம் முழுக்கப் பார்த்தேன். வரும் வழியில் குரோய்டனிலேயே மரக்கறி வாங்கிக்கொண்டு வீடு சேர்வேன். சுவர்ணாவுக்குப் புதன்கிழமைகளில் பின்னேர ஷிப்ட் என்பதால் பிழைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் மைதானத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அறிவித்தார்கள். புதுக் கதிரைகள், பெரிய திரை, எல்லாவற்றுக்கும் மேலாகப் புது லைற். கல்லூரிப் பிள்ளைகளுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பம் ஏறும்போதும் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். லைற்றைக் கொளுத்திச் சோதித்த அன்று, பந்துமில்லை, ஆட்டமுமில்லை, வெறும் புல்லைப் பார்க்க ஒரு கூட்டம் வந்து நின்று பாட்டுப் பாடியது. அந்தக் கூட்டத்தில் நரைத்த தலை ஒன்று இருந்தது, அது என்னுடையது. கம்பம் ஏறியபோது நான் கொடியேற்றம் பார்த்தவன் மாதிரிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன் என்பதையும் மறைக்கவில்லை. நானும் படமெடுத்து எங்கள் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ஆக்கள் பேரப்பிள்ளையின்ர படம் போடுகினம், நீங்கள் லைற் கம்பத்தின்ர படம் போடுறியள்" என்றாள் சுவர்ணா. இத்தனை நாளும் என்னைக் காப்பாற்றியது அந்த இருட்டுத்தான் என்பதும், அதை ஒழிக்கத்தான் நான் கைதட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதும் என் மண்டைக்கு ஏறவேயில்லை.

ஏறியது போன புதன்கிழமை, திறப்பு விழா மட்சில். எதிர் அணி கிழக்கு லண்டன் பக்கத்துக் கல்லூரி, நெடுநாள் போட்டிக்காரர். வழக்கம்போலக் கொட்டிலுக்குப் பின்னால் போனால், அங்கே கொட்டிலையே காணவில்லை! இருந்திருந்தாலும் பிரயோசனமில்லை; அந்த மைதானத்தில் அன்று ஒரு எறும்புக்கும் ஒளிக்க இடமில்லை, புல்லின் நுனி நுனியாகத் தெரிந்தது. பதறிப்போய் யோசித்தேன். பிள்ளை நிற்கிற கோல் இந்தப் பக்கம், எதிர் அணியின் ஆதரவாளர்கள் மற்றப் பக்கம். அங்கே போனால் தூரம், பிள்ளை பார்க்கமாட்டாள். வாசலில் விற்ற அவர்களுடைய நீலச் சால்வை ஒன்றை வாங்கிக் கழுத்தில் சுற்றி, கறுப்புக் கண்ணாடி போட்டு, அவர்களுக்கு நடுவில் போய் இருந்தேன். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும், அப்போது பிள்ளை என் மூக்குக்கு முன்னால் வந்து நிற்பாள் என்பதை யோசிக்காத உதைபந்தாட்ட ரசிகன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணை தமிழோ?" என்றார். பெயர் கொட்வின், ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாராம். நல்ல மனிதர், வந்தவுடனேயே தேத்தண்ணியில் பாதி ஊற்றித் தந்தார்.

"உங்கட பிள்ளை எது அண்ணை?"

நீலச் சால்வையோடு இருந்துகொண்டு பச்சை உடுப்புக் கோல்காரியைக் காட்ட முடியுமா? வாய்க்கு வந்தபடி, "அந்த ஒன்பதாம் நம்பர்" என்றேன்.

கொட்வின் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அது என்ர மகள் பெனிற்றா எல்லோ, அண்ணை."

"இல்லையில்லை, பத்து. பத்தாம் நம்பர். கண்ணாடியிலை வடிவாத் தெரியேல்லை."

பத்தாம் நம்பர் பந்தோடு எங்களுக்கு முன்னால் ஓடி வந்தாள். இடுப்பு வரைக்கும் பொன்னிறக் கூந்தல்.

"அவ தாயைப் போல" என்றேன்.

கொட்வின் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லது அண்ணை" என்றார். வீட்டில் கதையைச் சொன்னபோது இந்த இடத்தில்தான் சுவர்ணா சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழுந்தாள்.

இடைவேளை முடிந்து பிள்ளை என் பக்கத்துக் கோலுக்கு வந்தாள். நான் சால்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். அக்கா, அவள் அன்று விளையாடிய விளையாட்டை எழுதத் தெரியவில்லை. இத்தனை நாளும் அரை இருட்டில் அவளை ஒரு நிழலாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் அவள் முகம் தெரிந்தது. பந்து வருவதற்கு முன் உதட்டைக் கடிக்கிறாள், பிடித்தபின் தனக்குள்ளே சிரிக்கிறாள். எதிர் அணி அடித்த எல்லாவற்றையும் தடுத்தாள். என்னைச் சுற்றியிருந்தவர்கள் ஐயோ என்று தலையில் கை வைக்க, நானும் ஐயோ என்று தலையில் கை வைத்து, உள்ளுக்குள் துள்ளினேன்.

முடிகிற நேரம் நெருங்கியும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது பெனிற்றாவை யாரோ காலில் தட்டி விழுத்த, நடுவர் பெனால்ற்றி கொடுத்தார். கொட்வின் என் கையை இறுக்கிப் பிடித்தார். "அண்ணை, இது கோல்தான். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, என்ர பிள்ளை எப்பவும் ரயில் பாதைப் பக்க மூலைக்குத்தான் அடிப்பாள்" என்று காதுக்குள் சொன்னார். பெனிற்றா பந்தை வைத்தாள். பிரசாந்தினி கையை விரித்தாள். அந்த நேரம் பார்த்து லைற் எல்லாம் டப்பென்று அணைந்தது.

ஊரைக் கூட்டித் திறந்த லைற்! மைதானம் முழுக்க இருட்டு. ஆயிரம் வாயும் அடைத்துப் போயிற்று. எனக்கோ, கொட்டிலுக்குப் பின்னால் நிற்கிற பழைய தைரியம் வந்துவிட்டது. வருடம் முழுக்க விழுங்கி வைத்திருந்த சத்தம் அத்தனையும் ஒன்றாக மேலே வந்தது. கதிரையில் ஏறி நின்று, கையைக் குவித்து, "பிள்ளை! ரயில் பக்கம் பாய்! ரயில் பக்கம்! அவள் அங்கைதான் அடிப்பாள்!" என்று கத்தினேன். மூன்றாம் முறை கத்தும்போது லைற் வந்தது. நான் கதிரைக்கு மேல், கழுத்தில் நீலச் சால்வை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, வாய் திறந்தபடி. அதே கோலத்தில் பெரிய திரையிலும் நின்றேன், அதில் பல்லுக்கட்டு இன்னும் தெளிவு. கொட்வின் மெதுவாக எழும்பி ஒரு கதிரை தள்ளி இருந்தார். பிரசாந்தினி திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

நடுவர் விசில் அடித்தார். பிள்ளை ரயில் பக்கம் பாய்ந்தாள். பெனிற்றாவுக்கும் தமிழ் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. அவள் பந்தைக் கார் பார்க் பக்க மூலையில் அலுங்காமல் கொண்டுபோய் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் லைற் மறுபடியும் போனது. இந்த முறை வரவேயில்லை. நடுவர் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். வாசலில் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நாலு பேரும் எதிரெதிரே வந்துவிட்டோம்.

"தாங்க்ஸ் அங்கிள்" என்றாள் பெனிற்றா. "நான் ரயில் பக்கம்தான் அடிக்க இருந்தனான்."

"நான் கார் பார்க் பக்கம்தான் பாயிறதா இருந்தனான்" என்றாள் என் மகள். "வாழ்க்கையிலை முதல் தரம் அப்பான்ர சொல்லைக் கேட்டன்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, "அப்ப நான் கத்தாட்டிலும் அது கோல்தானே?" என்றேன். பிள்ளை கைத்தொலைபேசி வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தாள்.

ட்ராமில் அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். இரண்டு தரிப்பிடம் தாண்டும்வரை கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒவ்வொரு மட்சுக்கும் வந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"எங்கை நிண்டனீங்கள்?"

"கொட்டிலுக்குப் பின்னாலை."

"மழைக்கையும்?"

"ஓம்."

யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாருக்கும் வீட்டிலையிருந்து ஆக்கள் வருவினம். எனக்கு மட்டும் ஒருத்தரும் இல்லை எண்டு ஒவ்வொரு முறையும் கரையைக் கரையைப் பார்ப்பன் அப்பா. நீங்கள் கத்தாமல் வந்து நிக்க வேணும் எண்டுதானே அழுதனான்."

அக்கா, கட்டிய மனிசியிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன், வேலையிடத்தில் வாங்கியிருக்கிறேன், நடுவரிடமும் வாங்கியிருக்கிறேன். இதைப்போல ஒன்று வாங்கியதில்லை. எனக்காக அழுத பிள்ளையை, என்னை அவமானப்படுத்தினாள் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் அவளுக்கு ஒளித்துத் திரிந்த மடையன் உங்கள் தம்பி. அங்கேயே, ட்ராமுக்குள்ளேயே, பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்: இனி முன் வரிசையில், பச்சைச் சால்வையோடு, அவள் கண்ணுக்குத் தெரிய இருப்பேன், வாய் மட்டும் திறக்கமாட்டேன். இந்தச் சத்தியம் உயிருள்ளவரைக்கும்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள், மருமக்களுக்கு எங்கள் ஆசி. குலதெய்வம் உங்கள் எல்லாரையும் காக்கட்டும், மிஞ்சுகிற கொஞ்ச நேரத்தில் என் வாயையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி
இராஜேந்திரன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பிள்ளை அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். லைற் போய் ஆட்டம் பாதியில் நின்றதால் அந்த முடிவு செல்லாதாம், அடுத்த புதன்கிழமை முதலிலிருந்து திரும்ப விளையாட வேண்டுமாம். "அப்பா, பெனால்ற்றி வந்தா நீங்கள் பெனிற்றாவுக்குக் கேக்கிற மாதிரிக் கத்த வேணும்" என்றாள். "சத்தியம் செய்தனான் பிள்ளை" என்றேன். "அது அதுக்கடுத்த மட்சிலையிருந்து" என்றாள். நான் எந்தப் பக்கம் என்று கத்த வேண்டும், அவள் எந்தப் பக்கம் பாய்வாள், எல்லாம் பேசி முடித்துவிட்டோம். ஆகையால் மேலே உள்ள சத்தியத்தை வாசிக்காத மாதிரி விட்டுவிடுங்கள். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்க வேண்டாம். கொட்வினின் தங்கை ரொறன்ரோவில் உங்கள் தெருவில்தான் இருக்கிறாவாம்.